மந்தாரக்குப்பத்தில் மூன்றாவது பாட்டு

கண்டக்டர் என் தோளைத் தட்டியபோது நான் இறங்க வேண்டிய மந்தாரக்குப்பம் தாண்டி அரைமணி நேரம் ஆகியிருந்தது. பேருந்து வடலூர் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தது. நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

"காதுல ரெண்டு சட்டிய கவுத்துகினு குந்தினா எந்த ஊருன்னு எப்படித் தெரியும்? நாலு வாட்டி கத்துனன்," என்றார். பின் இருக்கைக்காரர் என்னைச் செவிட்டு ஆள் என்று நினைத்துப் பாவப்பட்டதாகச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பையையும் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாளிலிருந்து நான் ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் இரண்டு வருடம் இருந்ததில்லை. செங்கல் சூளை, பேக்கரி, மீன் பதனிடும் இடம், கடைசியாக மூன்று சீசன் கோவாவில் ஒரு கடற்கரை ஓட்டலின் சமையலறை. அங்கே வருடாவருடம் வரும் பின்லாந்துக்காரர் ஒருவர், சூரியன் மறையும் நேரத்தில் ஸ்பீக்கரில் ஓர் இசைத்தொகுப்பைப் போடச் சொல்வார். எட்டுப் பாட்டு. பாட்டு என்று நாங்கள்தான் சொல்வோம்; ஒன்றில்கூட ஆள் குரல் கிடையாது, மேளம் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டரில் செய்தது. ஒரு நீண்ட ரீங்காரம் எழும், தணியும், மறுபடி எழும். அதன் மேல் தண்ணீர் சொட்டியது போலவோ மணியைத் தொட்டது போலவோ ஏதாவது ஒன்று வந்து போகும். வெளிநாட்டுக்காரர்கள் பேசாமல் கடலைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தத்துக்கு இத்தனை பேரா என்று சமையலறையில் நாங்கள் பேசிக்கொள்வோம். ஆனால் மூன்றாவது சீசனில் அது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராமல் போனது. அவர் கிளம்பும் நாளில் அதை என் செல்போனில் ஏற்றி, ஒரு பக்கம் மெத்தை கிழிந்த தன் பெரிய ஹெட்போனையும் கொடுத்தார். இதைக் கவனித்துக் கேட்கத் தேவையில்லை, பக்கத்தில் ஓடவிட்டால் போதும் என்றார்.

மழைக்காலம் நெருங்கியதும் ஓட்டலின் கூரையைப் பிரித்துவிட்டார்கள். புதுச்சேரியில் ஏதாவது சமையலறை கிடைக்கும் என்று கிளம்பினேன். கூட வேலை பார்த்த பழனி, வழியில் மந்தாரக்குப்பத்தில் தன் அக்கா கலைச்செல்வி இருப்பதாகவும் அவளிடம் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொல்லி ஒரு பொட்டலம் தந்தான். என்னவென்று நான் கேட்கவில்லை.

வடலூரிலிருந்து திரும்பிய பேருந்துக்கு நடுவழியில் டயர் போனது. சித்திரை முடிந்தும் வெயில் முடியவில்லை. எல்லோரும் இறங்கி ஒரே புளியமரத்தின் நிழலுக்குள் நெருக்கி நின்றோம். காடாம்புலியூரிலிருந்து வருகிற ஒரு அம்மாள் காலடியில் பலாப்பழத்தை வைத்துக்கொண்டு நின்றார். தூரத்தில் உச்சி தட்டையாக, புதர் முளைத்த ஒரு மலை தெரிந்தது. கோவாவில் மலை என்றால் பச்சை. இது வெந்த நிறத்தில் இருந்தது. இந்தப் பக்கம் மலை உண்டா என்று கேட்டேன்.

"மலையா? அது சொரங்கத்துல வாரிக் கொட்டுன மண்ணு. அதுக்கு அடியிலதான் எங்க வூடு இருந்துது," என்றார் அந்த அம்மாள். பேருந்து எப்போது வரும் என்பதைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு பழத்தின் ஒரு பக்கம் வெடித்திருந்த இடத்தில் விரலை விட்டு இரண்டு சுளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கலைச்செல்வி அக்காவின் வீடு கடைத்தெருவுக்குப் பின்னால், சிமென்ட் ஷீட் போட்ட இரண்டு அறை. முன்சுவரில் கூரையிலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல். அதில் பழைய துணியைத் திணித்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். பழனியின் பெயரைச் சொன்னதும் அக்கா தண்ணீர்ச் சொம்போடு வந்தார். பொட்டலத்தைப் பிரித்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு கிலோ வறுத்த முந்திரிப்பருப்பு இருந்தது.

"பாத்தீங்களா அவன் கூத்த? இங்க தெருவுக்குத் தெரு முந்திரிதான் காய்க்குது. காலைல ரெண்டு மரக்கா கொட்டைய ஒடச்சிட்டு வந்து கைய தேச்சிகினு இருக்கறன், கோவாலருந்து முந்திரி அனுப்பறான்," என்று சொல்லி, தோல் உரிந்த விரல்களைக் காட்டிச் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர் இருந்தது. தம்பியைப் பார்த்து நான்கு வருடமாம்.

அக்காவின் கணவர் தனசேகர் அறைக்குள்ளிருந்து வந்தார். ஐம்பதை நெருங்கும் வயது, அகலமான தோள். பழனி அவரை மாமா என்பான் என்பதால் நானும் மாமா என்றேன். பிரயாணம் எப்படி என்று கேட்டார். டயர் வெடித்து வெயிலில் நின்றதைச் சொன்னேன். "ஆமா ஆமா, நல்லது," என்றார். அக்கா என்னைப் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளில் எனக்கு அது பழகிவிட்டது. காதில் விழாத எதற்கும் அவர் "ஆமா ஆமா" என்பார். பாதி நேரம் அது சரியான பதிலாகவே இருக்கும்.

அவர் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டில் பத்தொன்பது வருடமாகக் காண்ட்ராக்ட் தொழிலாளி. நிலக்கரியையும் மண்ணையும் சுமந்துகொண்டு கிலோமீட்டர் கணக்கில் ஓடும் பெல்ட் அது. அடியில் வரிசையாக இரும்பு ரோலர்கள் சுழலும். கரகரக்கிற ரோலரைக் கண்டுபிடித்துச் சொல்வது, சிந்திய மண்ணை வாரிப் போடுவது இவர் வேலை. நான் போயிருந்த அந்த வாரம் அவர் வீட்டில் சும்மா இருந்தார். காண்ட்ராக்ட் கைமாறிவிட்டது. புதிய கேட் பாஸுக்கு எல்லோரும் மறுபடியும் மருத்துவச் சோதனைக்குப் போக வேண்டும். கண், நெஞ்சு, ரத்தம் எல்லாம் அவருக்கு முடிந்துவிட்டது. காது மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை காலை. நான் போனது செவ்வாய்க்கிழமை.

இதையெல்லாம் அக்கா அடுப்படியில் சொன்னார். அவர்கள் மகள் கடலூரில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள், இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது என்பதையும் சொன்னார். குரலைத் தாழ்த்தவே இல்லை. மாமா ஏழடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் கருவாட்டுக் குழம்பு, அதில் பலாக்கொட்டை போட்டிருந்தது. கோவாவில் மூன்று சீசன் தேங்காய்ப்பாலில் மீனைச் சாப்பிட்ட வாய்க்கு அது போதையாக இருந்தது. மூன்றாவது முறை சோறு வாங்கியபோது தரை ஒரு தரம் குலுங்கியது. ஷீட்டிலிருந்து தூசி விழுந்தது. சுரங்கத்தில் வெடி வைக்கிறார்கள். இருவரும் ஒரே நேரத்தில் தட்டின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து மூடினார்கள். தூசி அடங்கியதும் கையை எடுத்துச் சாப்பாட்டைத் தொடர்ந்தார்கள். என் தட்டில் மட்டும் சுண்ணாம்பு விழுந்தது.

சாயங்காலம் பேருந்து பிடிக்கக் கிளம்பினேன். ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியதை அக்கா பார்த்தார். காது சோதனையை முடித்துவிட்டு வந்தவர்கள் சொன்னது இதே மாதிரிதானாம். ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, இப்படி ஒன்றை மாட்டிவிடுவார்கள். மெல்லிசாக ஒரு மணிச் சத்தம் வரும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். இதில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாவது பாட்டில் இருக்கிறது என்றேன்.

"ரெண்டு நாளு இருந்து அவுருக்குப் பழக்கிவுடுங்களேன், தம்பி. எங்கியும் அவசரமா போவணுமா?"

எனக்குப் போக இடம் இருந்தால்தானே அவசரம். பையை இறக்கி வைத்தேன்.

புதன்கிழமை காலை மாமாவை நாற்காலியில் உட்கார வைத்து மூன்றாவது பாட்டைப் போட்டேன். எட்டு நிமிடம் ஓடும். ரீங்காரம் அலை அலையாக வரும், நடுநடுவே பதினோரு இடத்தில் ஒரு சின்ன மணி. ஸ்பூன் நுனி கண்ணாடித் தம்ளரில் பட்டது போல இருக்கும். ஒழுங்கான இடைவெளி கிடையாது. ஓரிடத்தில் ஐந்து விநாடியில் அடுத்தது வரும், இன்னோரிடத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நான் முன்பே கேட்டு, எந்த நிமிடத்தில் எந்த மணி என்று நாள்காட்டித் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தேன். செல்போனில் நேரம் ஓடுவதைப் பார்த்தால் போதும், அவர் சரியாகத் தூக்குகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும்.

முதல் நிமிடத்திலேயே அவர் முகம் மலர்ந்தது. "இது நம்ம பெல்ட்டு ஓடற சத்தமாச்சே! எவன் புடிச்சி வச்சான்?" என்று வீடே அதிரக் கேட்டார். நான் கையை ஆட்டி, கவனியுங்கள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். எட்டு நிமிடமும் விரல் எழவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்து, "ஓட்டம் நல்லா இருக்குது. நடுவுல ஒரு ரோலரு மொனகுது, சீக்கிரம் மாத்திடணும்," என்றார்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஹெட்போனை வாங்கி மறுபடி கேட்டேன். இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு, ரீங்காரத்துக்கும் அடியில், வயிற்றில் உணருவது போல் ஒரு முனகல் நிஜமாகவே இருந்தது. நூறு தடவைக்கு மேல் கேட்டவன் நான். ஒரு தடவைகூட அதை அறிந்ததில்லை. அடிச் சத்தத்தில் அவ்வளவு கூர்மை அவர் காதுக்கு. மணி போன்ற மேல் சத்தம் மட்டும் அதற்கு இல்லாமல் போயிருந்தது.

சத்தத்தை முழுக்கக் கூட்டினேன். மணி வரும் இடத்தில் அவர் முழங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். இங்கே வருகிறது, தேடிப் பாருங்கள் என்பதற்காக. ஒவ்வொரு தட்டுக்கும் தலையை ஆட்டினார். அப்படி அன்றைக்கு ஐந்து முறை ஓட்டினோம். இடையில் அக்கா ஹெட்போனை வாங்கிப் போய்க் கிழிந்த மெத்தையை ஒரு பாவாடைத் துணியால் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். சாயங்காலம் தட்டாமல் விட்டுப் பார்த்தேன். பதினொன்றில் நான்குக்கு விரல் எழுந்தது. "புடிபடுது," என்றார்.

வியாழக்கிழமை காலை மாமாவுக்கு ஒரு சான்றிதழில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததால் மூவரும் சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்புக்குப் போனோம். ஆர்ச் கேட்டைத் தாண்டியதும் வேறு தேசம். நேராக இழுத்த சாலைகள், இருபுறமும் மரங்கள், எண் போட்ட பிளாக்குகள், ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் முன்னால் தோட்டம். பின்லாந்துக்காரர் காட்டிய அவர் ஊர்ப் படங்கள் ஞாபகம் வந்தன. ஒரு குவார்ட்டர்ஸ் வாசலில் ரப்பர் குழாயில் தண்ணீர் பூவாளி போல் சிதறிக்கொண்டிருந்தது. அக்கா நின்று அதைப் பார்த்தார். அவர்கள் தெருவுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை லாரியில் தண்ணீர் வருகிறது.

அங்கே மாமாவின் சூப்பர்வைசர் ராஜேந்திரன் பைக்கை நிறுத்திவிட்டு எங்களிடம் வந்தார். எந்த ஊர்ப் பேச்சு என்று கண்டுபிடிக்க முடியாத பேச்சு அவருக்கு. அப்பா காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பம் என்று பிறகு அக்கா சொன்னார். மாமாவிடம் பேசாமல் அக்காவிடம் பேசினார். டவுன்ஷிப் தோட்ட வேலைக்கு ஒரு ஆள் இடம் இருக்கிறது. சம்பளம் குறைவு, ஆனால் அதற்குக் காது சோதனை கிடையாது. இன்று சாயங்காலம் ஆறு மணிக்குள் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் பெல்ட் வேலைக்கு உரிமை கோர முடியாது. கொடுக்காமல் நாளைக்குச் சோதனையில் தோற்றால் இரண்டும் இல்லை.

"அண்ணனுக்குக் காது எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும். ஷிஃப்ட்ல நான் விசில் அடிச்சா மத்த எல்லாரும் திரும்புவாங்க, அவர் திரும்ப மாட்டார். ஆனா அவர் மாதிரி ரோலர் பிடிக்க ஆள் கிடையாது. யோசிச்சு போன் பண்ணுங்க," என்றார்.

"ஆமா ஆமா," என்றார் மாமா.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் மாமாவுக்கு விஷயத்தை அக்கா காதோடு காதாகக் கத்தினார். ஆட்டோவில் இருந்த ஒரு கிழவர் உட்பட எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் பெல்ட்டில் நின்றுவிட்டு இனிமேல் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவா என்று மாமா கேட்டார். "சாயந்திரம் வெரலு தூக்கறத பாத்துட்டு சொல்றன்," என்றார் அக்கா முடிவாக.

நான்கு மணிக்கு உட்கார்ந்தோம். மாமா கண்ணை மூடி, கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். பாட்டை ஓடவிட்டு நாள்காட்டித் தாளைப் பார்த்தேன். முதல் மணிக்கு விரல் எழுந்தது. இரண்டாவதற்கும் எழுந்தது. ஐந்தாவது, ஆறாவது, ஒரு நிமிடம் காத்திருந்து வருகிற ஏழாவது, அதை ஒட்டியே ஐந்து விநாடியில் வருகிற எட்டாவது. அக்கா கதவு நிலையில் சாய்ந்து, உதடு அசைய எண்ணிக்கொண்டிருந்தார். பத்து, பதினொன்று. ஒன்றுகூடத் தவறவில்லை. பாட்டை நிறுத்தச் செல்போனைக் கையில் எடுத்தேன்.

திரையில் பாட்டின் எண் ஆறு என்று இருந்தது.

நான் ஆறாவது பாட்டை அழுத்தியிருக்கிறேன்; ஓடுகிற நேரத்தை மட்டும் பார்த்ததில் எண்ணைக் கவனிக்கவில்லை. மூன்றாவதின் அதே ரீங்காரம்தான் ஆறாவதிலும் மறுபடி வரும். அதே அலை, அதே ஏற்றம், அதே தணிவு. ஆனால் ஆறாவதில் மணி கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது.

மாமா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பரீட்சைத்தாள் வாங்க நிற்கிற மாதிரி இருந்தது அந்த முகம். அக்கா நிலையை விட்டு நகர்ந்து வந்து, "கேக்குதா அவுருக்கு? உள்ளத சொல்லுங்க, தம்பி," என்றார்.

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மூன்று நாளாக அவர்கள் சோறு தின்றவன், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். நாளைக்கு எப்படியாவது நடந்துவிடும் என்றும் நினைத்திருப்பேன். என் வாழ்க்கையில் பாதி அப்படித்தான் நடந்திருக்கிறது.

"பதினொண்ணும் சரிக்கா," என்றேன். அது பொய்கூட இல்லை; தாளில் எழுதிய பதினோரு இடத்திலும் விரல் எழுந்ததுதானே.

அக்கா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ராஜேந்திரனுக்குப் போன் செய்தார். "வேணாங்கண்ணே, அவுரு டெஸ்ட்டுக்கே போறாரு. நல்லா கேக்குதுங்க," என்றார். பிறகு பழனி அனுப்பிய முந்திரியில் ஒரு கைப்பிடி போட்டுக் கேசரி கிண்டினார். நான் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆறு மணி கடந்துபோனதைச் சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மாமா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, சைக்கிளில் போனார். நான் அக்காவோடு உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைக்க முயன்றேன். கொட்டையின் பால் பட்ட இடமெல்லாம் எரிந்தது. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைக்க வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொடுத்தார். மகள் வேலைக்குப் போன பிறகு இந்த வீட்டை விட்டு வெடிச் சத்தம் கேட்காத ஊருக்குப் போய்விட வேண்டும் என்றார். அப்படி ஒரு ஊரின் பெயரைச் சொல்லச் சொன்னால் அவருக்கு எதுவும் வரவில்லை. நான் சுற்றிய ஊர்களைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அங்கே தண்ணீர் எப்படி என்று மட்டும் கேட்டார்.

மாமா மதியம் வந்தார். சைக்கிளைச் சாத்தி, பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினார். சட்டையைக் கழற்றி மடித்தார். அந்த நிதானத்திலேயே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தட்டுகளை எடுத்து வைத்தார்.

சாப்பாட்டுக்கு உட்கார்ந்த பிறகு மாமா என்னிடம் சொன்னார். "டெஸ்ட்டு வைக்கற பொண்ணு நல்ல பொண்ணு. உள்ள குந்த வச்சி, மாட்டிவுட்டு, கதவ சாத்திச்சி. சாத்துனதும் ஒரு சத்தமும் இல்ல, தம்பி. பின்னால ஒண்ணுமே ஓடல. நான் பாட்டுக்கு மனசுல ஓடவுட்டு, மொத வெரல தூக்குனன். கொஞ்சம் நேரம் கழிச்சி ரெண்டாவது. அது கதவத் தொறந்து, 'ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க'ன்னுது."

அவரே தொடர்ந்தார். ஓடுகிற பெல்ட்டில் ஜாயிண்ட் போட்ட இடம் ஒன்று உண்டு. சுற்றி வரும்போதெல்லாம் அது தடக்கென்று காலுக்குத் தெரியும். அந்தத் தடக்கை எண்ணித்தான் எந்த ரோலர் எங்கே முனகுகிறது என்று குறித்து வைப்பார்களாம். இத்தனாவது சுற்றில், ஜாயிண்ட்டுக்கு இவ்வளவு பின்னால் என்று. என் பாட்டின் ரீங்காரம் எழுந்து தணிவதை அப்படித்தான் எண்ணியிருக்கிறார். நான் முழங்காலில் தட்டிய இடங்களைச் சுற்றுக் கணக்கில் குறித்துக்கொண்டார். இரண்டு அலை கடந்து ஒன்று, ஆறு அலை கடந்து ஒன்று, பிறகு அரை அலையில் இன்னொன்று. அவர் ஏமாற்றவில்லை. அவர் வேலையில் கேட்பது என்றால் அதுதான். சோதனையும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

"மூணு வாட்டி வச்சி பாத்துது, பாவம். நானும் எதுனா ஓடும் ஓடும்னு குந்தினு இருந்தன். எத வச்சி எண்றது?" என்றார்.

அப்போது வெடி வைத்தார்கள். தரை குலுங்கியது. மூன்று பேரும் தட்டை மூடினோம். நானும் பழகியிருந்தேன்.

தூசி இறங்கும்வரை காத்திருந்து, அக்கா கையை எடுத்து, குழம்புக் கரண்டியைப் பிடித்தார். என்னைப் பார்க்காமல், "நீங்க சரின்னு சொன்னீங்களே, தம்பி," என்றார். கோபம் இல்லை. கடையில் வாங்கிய சாமானை ஒருமுறை சரிபார்ப்பது போன்ற குரல். நான் வாயைத் திறப்பதற்குள், "சாப்புடுங்க, ஆறிடும்," என்று குழம்பை ஊற்றினார்.

சாயங்காலம் ராஜேந்திரனுக்கு மறுபடி போன் செய்தார்கள். தோட்ட வேலைக்கு வேறொருவர் பெயரை நேற்றே எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அவர் வருத்தப்பட்டார் என்று அக்கா சொன்னார். அன்று மாலை முழுவதும் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். சுரங்கத்திலிருந்து பெல்ட் ஓடும் சத்தம் காற்றில் வந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது நன்றாகக் கேட்கும்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். பழனி அனுப்பிய பையிலேயே, ஊர் முந்திரி. புதுச்சேரியில் வேலை கிடைக்கும்வரை கையில் இருக்கட்டும் என்றார். அதை மறுத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாங்கிக்கொண்டேன்.

மாமா பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தார். வழியில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயெடுத்தேன். பேருந்து வந்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தபோது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னேன். "மாமா, வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். அன்னைக்கு ஓடுனது வேற பாட்டு. அதுல மணியே இல்ல. நான்தான் அக்காகிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா ஆமா," என்று தோளில் தட்டினார். "போய் சேந்ததும் ஒரு போன் போடு. அக்காகிட்ட பேசு."

பேருந்து நகர்ந்தது. சத்தமாகச் சொல்லியிருக்கலாம். அக்காவிடம் சொல்லியிருக்கலாம். ஹெட்போன் பையின் மேலேயே இருந்தது. பாவாடைத் துணி ஒட்டுப் போட்ட பக்கம் மேலே தெரிந்தது. பையை மூடிக் காலுக்கடியில் தள்ளினேன். புதுச்சேரி வரும்வரை கண்டக்டர் கத்திய ஒவ்வொரு ஊரின் பெயரும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.